கேபின் உயரம் எவ்வளவு? வாகைக்குளத்திலிருந்து தில்லிக்கு ஒரு சிறு ஜெட் பயணம்

ஆவணி மாதம், பிற்பகல் 2 மணி. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து கிளம்பி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. ஜெட் 41,000 அடியில் அலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. வெளியே வெயில், கீழே வெள்ளை மேகம். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று சொல்லும் ஆக்சிமீட்டர் 84 என்று காட்டியது. கிளம்பும்போது அது 93.

"ஏய்யா, மூச்சு எட்ட மாட்டேங்கு" என்றாள்.

காக்பிட்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. எரிய வேண்டிய காரணமும் இல்லை. எஞ்சின், கேபின் அழுத்தம், எரிபொருள் எல்லாமே உற்பத்தியாளர் சொன்ன அளவில் இருந்தன. விமானம் நன்றாக இருந்தது, உள்ளே இருந்த ஒரு மனுஷிக்கு மட்டும் மூச்சு போதவில்லை. இது எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். முப்பது வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன் நான். கேபின் அழுத்த வால்வுகளைக் கழற்றி மாட்டிய கை இது. கிளம்பும் முன்பே நான் பிடித்திருக்க வேண்டிய விஷயம், பிடிக்கவில்லை.

பயணத்தின் பின்னணி

பெரியம்மாவுக்கு 78 வயது. கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஐம்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவள். பீடி, சிகரெட் வாசனைகூடத் தெரியாது. ஆனால் அடுப்புப் புகை நுரையீரலைக் கெடுத்துவிட்டது. புகைக்காத பெண்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு நம் ஊர்ப்பக்கம் இதுதான் பெரிய காரணம். வீட்டுக்குள் நடமாடுவாள். மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள்.

பேரன் கல்யாணம் தில்லியில். வழக்கமான வழி என்றால் தூத்துக்குடியிலிருந்து சென்னை, சென்னையில் காத்திருப்பு, அங்கிருந்து தில்லி. வீல்சேர், வரிசை, நீண்ட நடை எல்லாம் சேர்ந்து ஒரு நாள் போய்விடும். அவள் மகன், எனக்குத் தம்பி முறை, அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி மில் வைத்திருக்கிறான். "அம்மாவ அலைய விடாண்டாம்ணே, சின்ன ஜெட் ஒண்ணு பேசிருவோம்" என்றான். ஆசையாகத்தான் சொன்னான். தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்து வருடம் முன்பு என்றால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர். வாடகைக்கு ஓடும் ஜெட் தரையிறங்கி நிற்கும் தூரம், பாதை நீளத்தில் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்புக் கணக்கு. 1,350-க்கு அது 810 மீட்டர். மழை ஈரம் இருந்தால் இன்னும் குறையும். பெரும்பாலான சிறு ஜெட்களுக்கு அது கழுத்தைப் பிடிக்கும் அளவு. இப்போது பாதை 3,115 மீட்டர். புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்: பாதை நீண்டுவிட்டது, இனி எந்த ஜெட்டும் வரும், எங்கேயும் போகும்.

ஆறு இருக்கை, ஆறு ஆள்?

ஏஜென்ட் சொன்னது: "ஆறு பேர் உட்காரலாம், தில்லிக்கு நேராகப் போய்விடும்." இரண்டில் எந்த ஒன்றும் தனியாகப் பார்த்தால் முழுப்பொய் இல்லை. இரண்டையும் சேர்த்தால்தான் பொய்யாகிவிடுகிறது.

தூத்துக்குடியிலிருந்து தில்லி நேர்கோட்டில் சுமார் 2,200 கிலோமீட்டர். மிகச் சிறிய ஜெட் வகையில் பலருக்கும் தெரிந்த ஃபீனம் 100-இன் அறிவிக்கப்பட்ட தூரம், நான்கு பேரோடு 2,182 கிலோமீட்டர். ஹோண்டாஜெட்டின் முதல் மாடலுக்கு 2,265. இறக்கைக்கு மேல் எஞ்சினை நிறுத்தி கேபினுக்கு இடம் மிச்சப்படுத்திய அழகான விமானம் அது. ஆக இந்த வகைக்குத் தில்லி என்பது விளிம்பில் நிற்கும் ஊர். ஆறு பேரும் பெட்டிகளும் ஏறினால் எட்டாது. டாங்கை நிரப்பினால் ஆளைக் குறைக்க வேண்டும், ஆளை நிரப்பினால் எண்ணெயைக் குறைக்க வேண்டும். சிறு ஜெட் எல்லாவற்றுக்கும் உள்ள விதி இது. விளம்பரத் தாளில் இருக்கை எண்ணிக்கை ஒரு பக்கமும் பறக்கும் தூரம் இன்னொரு பக்கமும் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒரே நாளில் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தந்திருக்க மாட்டார்கள்.

இது எனக்குத் தெரியும் என்பதால், முன்பணம் கட்டிய பிறகாவது சொல்லி நிறுத்தினேன். மில்லின் பிளாட்பாரத் தராசில் ஆளையும் பெட்டியையும் ஏற்றி எடை போட்டோம். எடையை விமானிக்கு அனுப்பியதும் அவரே ஒப்புக்கொண்டார்: நான்கு பேர்தான், அதுவும் நாக்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்ப வேண்டும். மகளும் மருமகனும் வழக்கமான விமானத்தில் போனார்கள். குத்துவிளக்கு, சீர்ப் பாத்திரம், அப்பளக் கட்டு, அல்வாப் பெட்டி எல்லாம் ஒரு பையனோடு திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறின.

எடைக் கணக்கு சரியாகிவிட்டது என்ற திருப்தியில் நான் இருந்தேன். கோளாறு வேறிடத்தில் இருந்தது.

ஒரே சொல், இரண்டு பொருள்

கிளம்பும் முன் பெரியம்மாவைப் பார்த்த டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பறக்கலாம், கேபின் உயரம் 6,000 அடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) இருக்கட்டும். தம்பி இதைக் கேட்டுக்கொண்டு ஏஜென்டுக்குப் போன் போட்டான். "உங்க விமானத்துல கேபின் உயரம் எவ்வளவு?" அவர் உடனே பதில் சொன்னார்: "கிட்டத்தட்ட அஞ்சு அடி. உட்கார்ந்தா தாராளம்." தம்பிக்கும் நிம்மதி. 6,000 அடிக்கு உள்ளேதானே இருக்கிறது என்று கேள்வியே கேட்காமல் டிக் அடித்துவிட்டான்.

டாக்டர் கேட்டது கேபினுக்குள் இருக்கும் காற்று எந்த மலை உயரத்துக் காற்றுக்குச் சமம் என்று. ஏஜென்ட் சொன்னது தரைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளி. இரண்டுக்கும் தமிழில் நாம் 'கேபின் உயரம்' என்றே சொல்கிறோம். இந்த ஆய்வில் நான் கண்டுபிடித்த முதல் காரணம் இதுதான். அதனால் இனி முதலாவதைக் 'காற்றுயரம்' என்று எழுதுகிறேன்.

காற்றுயரம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். 41,000 அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2.6 பவுண்டு. தரையில் 14.7. எஞ்சினிலிருந்து அழுத்தக் காற்றை எடுத்து கேபினுக்குள் ஊதுகிறோம். ஒரு வால்வு, வேண்டிய அளவு வெளியே விட்டு உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஆனால் விமானத்தின் உடல் ஊதிய பலூன் மாதிரி. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஓர் எல்லை உண்டு. நாங்கள் போன வகைக்கு அது 8.3 பவுண்டு. 2.6-ஓடு 8.3 சேர்த்தால் 10.9. அந்த அழுத்தம் இயற்கையில் எங்கே இருக்கும்? 8,000 அடி மலையில்.

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதைப் பொதிகையை வைத்துச் சொல்லிவிடலாம். பொதிகையின் அகத்தியர் மலை உச்சி 1,868 மீட்டர், அதாவது 6,129 அடி. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000. எட்டாயிரம் என்பது இரண்டையும் தாண்டி, தொட்டபெட்டாவை நெருங்கும் உயரம். மாடிப்படியில் மூச்சு வாங்கும் பெண்ணை அரை மணி நேரத்தில் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருந்தோம்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் 21 சதவீதம்தான். ஆனால் அழுத்தம் குறைவதால், 8,000 அடியில் மூச்சு விடுவது தரையில் 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். நல்ல நுரையீரலுக்கு இது தெரியவே தெரியாது, கொஞ்சம் அசதி, லேசான தலைவலி, அவ்வளவுதான். தம்பியும் அவன் மனைவியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவுக்கு அந்த மிச்சம் இல்லை.

விமானம் ஏன் எச்சரிக்கவில்லை என்று தம்பி பிறகு கோபமாகக் கேட்டான். இயல்பான பறப்பில் காற்றுயரம் 8,000 அடி வரை இருக்கலாம் என்றே விமானங்கள் வடிவமைக்கப்படுகின்றன. எச்சரிக்கை மணி 10,000 அடி வாக்கில்தான் அடிக்கும். மேலேயிருந்து தொங்கும் முகமூடி அதற்கும் பிறகு. எட்டாயிரம் என்பது இயந்திரத்துக்கு இயல்பு நிலை.

அன்று நடந்தது

காலை 7 மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். விமானம் வடக்கேயிருந்து காலியாக வர வேண்டும், வழியில் மழை. வாகைக்குளத்தில் இறங்கும்போது நண்பகல் தாண்டிவிட்டது. இந்தக் காத்திருப்பை நாங்கள் கணக்கில் வைக்கவே இல்லை. பெரியம்மா முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. சின்ன விமானத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம். நம் வீட்டுப் பெண்கள் பஸ் பயணத்துக்குச் செய்வதையே அவளும் செய்திருக்கிறாள். விமானக் காற்றின் ஈரப்பதமோ 20 சதவீதத்துக்கும் கீழே. ஏற்கெனவே காய்ந்த உடம்பு இன்னும் காய்ந்தது.

சிறு ஜெட்டுக்கு ஏரோபிரிட்ஜ் கிடையாது. கதவோடு சேர்ந்த செங்குத்தான படிகள்தான். முட்டிவலிக்காரிக்கு அந்த நாலைந்து படி ஒரு மலை. உள்ளே போனதும் சூடு. பெரிய விமானங்களில் தரையிலேயே ஏசி ஓட்டத் தனியாக ஒரு சிறு எஞ்சின் இருக்கும். சிறு ஜெட்களில் பெரும்பாலும் அது இல்லை. எஞ்சின் ஓட வேண்டும், அல்லது வெளியிலிருந்து மின்சாரம் தரும் வண்டியைக் கொண்டுவந்து இணைக்க வேண்டும். 36 டிகிரி வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற அலுமினியக் குழாய் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியை இணைத்துக் கேபினைக் குளிரவைத்த பிறகே அவளை ஏற்றச் சொன்னேன். அன்று நான் சரியாகச் செய்த ஒன்று அது.

அந்தச் சூடு எஞ்சினையும் பாதிக்கும். வாகைக்குளம் கடல் மட்டத்திலிருந்து 84 அடிதான். ஆனால் 36 டிகிரியில் காற்று அடர்த்தி குறைந்து, விமானத்துக்கு அது 2,600 அடி உயர ஊர் மாதிரி ஆகிவிடும். 3,115 மீட்டர் பாதை இருந்ததால் ஓடி ஏறுவதில் சிக்கல் இல்லை. மேலேறும் வேகம் மட்டும் மந்தமானது.

1.10-க்கு எழும்பினோம். உட்புறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூரை உயரம் ஒன்றரை மீட்டர். தம்பியும் நானும் குனிந்தபடி நடந்தோம். நாலடி பத்தங்குலப் பெரியம்மா மட்டும் நிமிர்ந்து நடந்தாள். அவளுக்கு அந்தக் கேபின் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எதிரெதிர் இருக்கைகளில் கால்கள் இடிபட்டாலும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி முகம் பார்த்துப் பேச முடிந்தது. பெரிய விமானத்தில் கிடைக்காத நிம்மதி அது.

கிருஷ்ணா நதிப் பக்கம் பருவமழை மேகங்கள் அடுக்கடுக்காக நின்றன. குலுங்காமல் போக விமானி மேலே ஏறினார். உண்மையான இடிமேகம் எந்தச் சிறு ஜெட்டும் தாண்ட முடியாத உயரம் வரை போகும், அதைச் சுற்றித்தான் போக வேண்டும். பக்கத்தில் படரும் மேகத்தட்டுகளுக்கு மேலே போகலாம், அங்கே அமைதியாக இருக்கும், எண்ணெயும் மிச்சமாகும். விமானியாக அது நல்ல முடிவு. பயணிகளில் ஒருவருக்குக் காற்றுயர வரம்பு இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது ஏஜென்டோடு நின்றுவிட்டது.

84-ஐப் பார்த்ததும் காக்பிட்டுக்குள் தலையை நீட்டிக் காற்றுயரக் காட்டியைப் பார்த்தேன். 8,000. அந்த எண்ணைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. கான்சென்ட்ரேட்டரை ஓட்டச் சொல்லிவிட்டு, "35,000-க்கு இறங்க முடியுமா, அம்மாவுக்கு மூச்சு" என்று கேட்டேன். விமானி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கட்டுப்பாட்டு அறையோடு பேசி, எண்ணெய்க் கணக்கைப் பார்த்து, உடனே இறங்கத் தொடங்கினார். 35,000-இல் வெளி அழுத்தம் 3.5 பவுண்டு. 8.3 சேர்த்தால் 11.8, அதாவது சுமார் 6,000 அடி. பொதிகை உச்சி.

கருவி ஓட ஓட எண் ஏறியது. 87, 89, 91. இந்த நோய்க்காரர்களுக்கு 88 முதல் 92 வரை போதும், அதற்கு மேல் ஆக்சிஜனைத் திணிப்பதும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்ததால் 91-இல் நிறுத்திவைத்தோம். கீழே வந்ததும் குலுக்கல் கூடியது. எண்ணெயும் கூடுதலாகக் குடித்தது. பெரியம்மாவுக்குக் குலுக்கல் பெரிதாகப் படவில்லை. "அம்பை பஸ்ஸு இதுக்கு மேல ஆட்டும்" என்றாள்.

கான்சென்ட்ரேட்டரை முதலிலேயே ஏன் ஓட்டவில்லை? பேட்டரியைச் சேமிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அதுவும் தப்பு. காற்றுயரம் ஏறும்போதே ஓட்டியிருக்க வேண்டும்.

நாக்பூரில் மழை. எண்ணெய் நிரப்பும்போது எல்லோரும் இறங்க வேண்டும். முன்பு இந்த இறக்கத்தைத் தொல்லை என்றுதான் நினைத்திருந்தோம். பெரியம்மாவுக்கு அதுவே மருந்தாகிவிட்டது. ஒழுங்கான கழிப்பறை, இரண்டு டம்ளர் தண்ணீர், பத்து நிமிட நடை. ஏறும் முன்பு வாயில் ஒரு கருப்பட்டி மிட்டாய், இறங்கும்போது காது அடைக்காமல் எச்சில் விழுங்க. மிச்ச வழி முழுக்க 34,000 அடியில் போனோம், காற்றுயரம் 5,700. தில்லி வரை எண் 90-க்குக் கீழே போகவில்லை.

திரும்பும்போது

ஒரு வாரம் கழித்துத் திரும்ப வேறு விமானம் பேசினோம். இந்த முறை நானே பேசினேன். கேட்ட முதல் கேள்வி: அதிகபட்ச அழுத்த வித்தியாசம் எவ்வளவு?

சிறு ஜெட் என்ற ஒரே பெயருக்குள் இதில் எவ்வளவு வேறுபாடு என்று வாங்குகிறவர்களே பலர் பார்ப்பதில்லை. சைடேஷன் சிஜே3 நல்ல உழைப்பாளி, 45,000 அடி போகும். அங்கே அதன் காற்றுயரம் 8,000. கேபின் கூரை 1.45 மீட்டர். ஃபீனம் 300 அதே 45,000-இல் 6,600-ஐப் பிடிக்கும், ஏனென்றால் அதன் உடல் 9.4 பவுண்டு தாங்கும். ஆறு பேரோடு 3,650 கிலோமீட்டர் போகும். ஆனால் கேபினின் அகலமும் கூரை உயரமும் தன் தம்பி ஃபீனம் 100-ஐப் போலத்தான், நீளம்தான் அதிகம். புகைப்படத்தைப் பார்த்து இரண்டுக்கும் சௌகரியத்தில் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. பிலாட்டஸ் பிசி-24 வேறு ஜாதி. தட்டையான தரை, பின்பக்கம் பெரிய சரக்குக் கதவு. ஆஸ்திரேலியாவின் பறக்கும் டாக்டர் சேவை அதை ஆம்புலன்ஸாக வைத்திருப்பது அந்தக் கதவுக்காகவும் குட்டைப் பாதையில் இறங்கும் திறனுக்காகவும்தான். படுத்தபடி போக வேண்டிய நோயாளி என்றால் நான் அதைத்தான் தேடுவேன்.

எங்களுக்குக் கிடைத்தது 9.4 பவுண்டு வகை. விமானியிடம் நேரில், தாளில் எழுதிக் கொடுத்தேன்: காற்றுயரம் 6,000-க்குள். அவர் 41,000-இல் போனார். 2.6-ஓடு 9.4, மொத்தம் 12. காற்றுயரம் 5,500. போகும்போது எந்த உயரத்தில் மூச்சு முட்டியதோ அதே உயரம், அதே வானம். உள்ளே மட்டும் 2,500 அடி வித்தியாசம். கான்சென்ட்ரேட்டர் ஏற்றத்திலிருந்தே ஓடியது. எண் 92. நிறுத்தாமல் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கழிப்பறை பின்னால் கதவோடு இருப்பதைக் கிளம்பும் முன்பே கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்த பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

இறங்கும்போது உப்பளங்கள் வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்தன.

அடுத்த வாரம் கல்லிடைக்குறிச்சி போயிருந்தேன். கைத்தடியோடு மெதுவாக, இரண்டு இடத்தில் நின்று, மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள். மழை விட்டிருந்ததால் பொதிகை துல்லியமாக நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"ஏய்யா, நாம அதுக்கு மேலயா இருந்தோம், கீழயா?"

"போகும்போது கொஞ்ச நேரம் ரொம்ப மேல, பெரியம்மா. அப்புறம் அது உசரத்துக்கே. வரும்போது அதுக்குக் கீழ."

"அப்ப அடுத்த தடவ வந்த மாதிரியே கூட்டிட்டுப் போ" என்றாள்.